புது கம்ப்யூட்டரில் வேதியியல் சாஃப்ட்வேர் ஓட மறுத்தால்

மூலக்கூறு வரையும் கெம்டிரா திறக்கிறது, வேர்டில் இருக்கும் பழைய படத்தை இரட்டை கிளிக் செய்தால் எதுவும் நடப்பதில்லை. மூலக்கூறின் ஆற்றலையும் வடிவத்தையும் கணக்கிடும் காஸியன் இன்ஸ்டால் ஆகிறது. ரன் கொடுத்த நொடியில் நின்றுவிடுகிறது. ஒளி உறிஞ்சலை அளக்கும் யூவி ஸ்பெக்ட்ரோமீட்டரின் சாஃப்ட்வேர், கருவி இணைக்கப்படவே இல்லை என்கிறது. மூன்றும் வேறு வேறு கோளாறுகள். மூன்றுக்கும் "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு" என்ற ஒரே வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தால் ஒரு வாரம் போய்விடும். எங்கே முட்டுகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். பிராசஸரா, துணைக் கோப்பா, ஃபோல்டர் பெயரா, கிராஃபிக்ஸா, உரிமமா, கேபிளா? இடம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் மதுரைக் கல்லூரி லேப்களில் மெஷின்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ வைத்தே.

பழைய மெஷினை உடனே கொடுத்துவிடாதீர்கள்

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானாலும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அதிலிருந்து எடுக்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு சாஃப்ட்வேரின் பதிப்பு எண்ணையும் ஹெல்ப் மெனுவில் அபவுட் திறந்து எழுதிக்கொள்ளுங்கள். உரிமக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். என்விரான்மென்ட் வேரியபிள்கள் (புரோகிராம்கள் படித்துக்கொள்ளும் விண்டோஸ் அமைப்புகள்) பட்டியலை ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். முடிந்துபோன ஒரு கணக்கின் இன்புட்டையும் அவுட்புட்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள்; கடைசியில் ஒப்பிடத் தேவைப்படும்.

பலருக்குத் தவறிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. பழைய சாஃப்ட்வேர்கள் தங்கள் டெம்ப்ளேட்டுகளையும் மெத்தட் கோப்புகளையும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதப் பார்க்கும். விண்டோஸ் அதை அனுமதிக்காமல், சத்தமில்லாமல் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா → லோக்கல் → வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் போட்டு வைக்கும். புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் காப்பி செய்தால் ஐந்து வருடமாகச் சேர்த்த டெம்ப்ளேட்டுகள் வராது. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால்தான் கண்ணில் படும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

இன்னும் வாங்கவில்லை என்றால் கடையிலேயே செட்டிங்ஸ் → சிஸ்டம் → அபவுட் திறக்கச் சொல்லுங்கள். சிஸ்டம் டைப் என்ற வரியில் எக்ஸ்64 என்று இருந்தால் நல்லது. ஏஆர்எம்64 என்று இருந்தால், அதாவது ஸ்னாப்டிராகன் பிராசஸர் போட்ட லேப்டாப் என்றால், யோசியுங்கள். பேட்டரி நன்றாக நிற்கும், வேர்டும் பிரவுசரும் பறக்கும். சாதாரண இன்டெல் புரோகிராம்களையும் அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். கருவிகளோடு பேசும் டிரைவர்களை மட்டும் அப்படி ஓட்ட முடியாது. ஏஆர்எமுக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாத உரிமத்துக்காகச் செருகும் யூஎஸ்பி டாங்கிளோ ஸ்பெக்ட்ரோமீட்டரோ அந்த லேப்டாப்பில் வேலை செய்யாது. வேதியியல் வேலைக்கு என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டியே வாங்குங்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

விலை குறைந்த சில லேப்டாப்கள் எஸ் மோடில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர எதுவும் ஏறாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய் அதிலிருந்து வெளியேறலாம். காசு கிடையாது, ஆனால் திரும்பிப் போக வழியும் கிடையாது.

மேக் வாங்குகிறவர்களுக்கு இரண்டே வரி: 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து 32-பிட் புரோகிராம்கள் மேக்கில் ஓடாது. எம் வரிசை சிப் உள்ளதில் இன்டெல்லுக்கு எழுதிய புரோகிராம்களுக்கு ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்புப் புரோகிராம் தேவை.

இன்ஸ்டாலே ஆகவில்லை என்றால்

"இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது" என்று விண்டோஸ் சொன்னால் பெரும்பாலும் அது 16-பிட் விவகாரம். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். 16-பிட் புரோகிராம் எதையும் தொடாது. 1990-களின் சிடியில் வந்தவற்றில் சாஃப்ட்வேர் 32-பிட்டாகவும் அதை ஏற்றும் செட்டப் மட்டும் 16-பிட்டாகவும் இருப்பது உண்டு. கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தாலும் இதற்கு விடிவு வராது. புதிய பதிப்பைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸில் பழைய 32-பிட் விண்டோஸ் போட்டு அதற்குள் ஓட்டுங்கள்.

புது மெஷினில் மட்டும் வரும் இன்னொரு தடை ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல். டிஜிட்டல் கையொப்பம் இல்லாத, அதிகம் பேர் பயன்படுத்தாத புரோகிராம்களை அது நிறுத்திவிடும். பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் எழுதி இலவசமாகத் தரும் வேதியியல் சாஃப்ட்வேர்களில் நிறைய இந்த வகை. விண்டோஸ் செக்யூரிட்டி → ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல் போனால் இருக்கும். அணைப்பதற்கு முன், கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதான் எடுத்தீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பல பதிப்புகளில் ஒருமுறை அணைத்தால் விண்டோஸை ரீசெட் செய்யாமல் திரும்ப இயக்க முடியாது. நண்பரின் பென்டிரைவில் வரும் கிராக் செய்த காஸியனுக்காக இதை அணைக்கவே அணைக்காதீர்கள். அதில் வைரஸ் இருக்கலாம். உரிமம் இல்லாத பதிப்பில் செய்த கணக்கை ஆய்வுக் கட்டுரையில் போட்டு மாட்டிக்கொள்வது அதைவிட மோசம். காஸியனைப் போலவே கணக்கிடும் ஆர்கா கல்வி வேலைக்கு இலவசம். முறையாகப் பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம்.

ஜிப்பாக வரும் புரோகிராம் என்றால், விரிக்கும் முன்பே ஜிப் மேல் ரைட் கிளிக் → பிராப்பர்ட்டீஸ் → அன்பிளாக் டிக் செய்யுங்கள். விரித்த பிறகு செய்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டி வரும்.

ஏறிவிட்டது, திறந்ததும் மூடிக்கொள்கிறது

எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 போன்ற டிஎல்எல் (புரோகிராமின் துணைக் கோப்பு) இல்லை என்று வந்தால் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தேவை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். மெஷின் 64-பிட்டாக இருந்தாலும் 32-பிட் புரோகிராமுக்கு எக்ஸ்86 துணைக் கோப்புகள்தான் வேண்டும். எம்எஸ்விசிஆர்100 கேட்டால் 2010 பதிப்பு, 110 கேட்டால் 2012, 120 கேட்டால் 2013. புதியது ஏறியிருந்தாலும் இவை தனியே வேண்டும். டிஎல்எல்லை மட்டும் தனியாக ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32-இல் போடும் பழக்கம் ஆபத்து. 0எக்ஸ்சி000007பி என்ற எரர் வருவதற்கு முக்கியக் காரணம், இப்படி 32-பிட்டும் 64-பிட்டும் கலந்துபோவதே.

மூலக்கூறை முப்பரிமாணத்தில் காட்டும் அவகாட்ரோ போன்றவை கறுப்புத் திரை காட்டினாலோ சுழற்றும்போது செத்துப்போனாலோ கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் உண்மையான டிரைவரே ஏறவில்லை. முப்பரிமாணப் படம் வரைய உதவும் ஓப்பன்ஜிஎல் பழைய 1.1 அளவில்தான் கிடைக்கும், இன்றைய புரோகிராம்களுக்கு அது போதாது. இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள லேப்டாப்பில் செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே → கிராஃபிக்ஸ் போய், அந்தப் புரோகிராமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள்.

மூலக்கூறு காட்டும் ஜேமோலைத் திறக்கச் சொன்னால் வின்ரார் திறக்கிறது என்பது அடிக்கடி வரும் புகார். ஜேமோலின் ஜார் கோப்பை வின்ரார் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஜாவா போட்டு, ஓப்பன் வித்தில் ஜாவாவைத் தேர்ந்தெடுங்கள். பழைய வரைபட சாஃப்ட்வேரில் டூல்பார் பொத்தான்கள் எறும்பு அளவில் தெரிந்தால், அதன் பிராப்பர்ட்டீஸ் → கம்பாட்டிபிலிட்டி → ஹை டிபிஐ செட்டிங்ஸில் ஓவர்ரைடு டிக் செய்து சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்று வையுங்கள்.

ஃபோல்டர் பெயர்

எங்கள் அனுபவத்தில் காரணம் தெரியாமல் அதிகம் பேர் தவிப்பது இங்கேதான். புது லேப்டாப்பில் முதன்முதலாகப் பெயர் கேட்கும்போது ஆசையோடு தமிழில் "மீனாட்சி" என்று கொடுத்திருப்பார்கள். விண்டோஸுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. பழைய ஃபோர்ட்ரான், பைத்தான் 2 காலத்துப் புரோகிராம்களுக்கு அந்த எழுத்துகள் புரியாது. யூசர் ஃபோல்டருக்குள் தற்காலிகக் கோப்பு எழுதப் போகும், இடம் கிடைக்காது, நின்றுவிடும். பெயரில் இடைவெளி இருந்தாலும் இதே கதை. தமிழைப் புரிந்துகொள்ளாதது அந்தப் புரோகிராம்களின் குறைதான்; ஆனாலும் நாளைக்கே அது சரியாகப் போவதில்லை.

அடுத்தது ஒன்டிரைவ். கல்லூரி மெயில் ஐடியில் விண்டோஸுக்குள் நுழைந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் ஒன்டிரைவுக்குள் போய்விடக்கூடும். அதன் பெயரில் ஒரு கோடு, இரண்டு இடைவெளி, கல்லூரியின் முழுப்பெயர் எல்லாம் இருக்கும். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பல ஜிபி தற்காலிகக் கோப்புகளை அது மேகத்துக்கு ஏற்றப் பார்க்கும். கோப்பு பூட்டப்பட்டுக் கணக்கு அறுந்துபோகும்.

தீர்வு எளிது. சி டிரைவின் முதல் நிலையிலேயே ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் கெம் என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் ஆர்கா, காஸியன், ஜாப்ஸ், ஸ்கிராட்ச் (தற்காலிகக் கோப்புகளுக்கு) என்று நான்கு. இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம். யூசர் பெயர் தமிழில் இருந்தால் புதிதாக ஓர் ஆங்கிலப் பெயர் லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கி அதில் வேலை செய்யுங்கள்; இருக்கும் அக்கவுன்ட்டின் காட்சிப் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது.

கோப்பின் வால்பெயரையும் காட்டச் சொல்லுங்கள். மறைத்து வைத்திருக்கும்வரை நோட்பேடில் சேமித்த இன்புட் கடைசியில் டிஎக்ஸ்டி சேர்ந்தே நிற்கும், புரோகிராம் கண்டுகொள்ளாது. காஸியன் இன்புட்டுக்கு விண்டோஸில் ஜிஜேஎஃப் வாலே பாதுகாப்பு. டாட் காம் என்பது விண்டோஸுக்கு ஓடும் புரோகிராம். ஜிமெயிலும் அதை இணைப்பாக அனுமதிக்காது.

கணக்கிடும் சாஃப்ட்வேர்கள்

காஸியனில் இன்புட் முடிவில் ஒரு வெற்று வரி கட்டாயம். கெம் ஃபோல்டரில் உள்ள ஸ்கிராட்ச்சை ஃபைல் → பிரிஃபரன்சஸில் ஸ்கிராட்ச் பாத்தாகக் கொடுங்கள். 32-பிட் பதிப்பை 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் போட்டாலும் அது 2 ஜிபி சுற்றியே நிற்கும். பெரிய மூலக்கூறுக்கு நினைவகம் போதவில்லை என்று விழுந்தால் ரேமைக் குறை சொல்வதற்கு முன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். விண்டோஸில் எழுதிய இன்புட்டைப் பல்கலைக்கழக லினக்ஸ் சர்வருக்கு அனுப்புகிறவர்கள் அங்கே டாஸ்2யுனிக்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். வரி முடிவுக் குறிகள் இரண்டிலும் வேறு.

ஆர்காவை ஒரு கோரில் (பிராசஸரின் ஒரு கணக்கிடும் பகுதியில்) ஓட்ட எதுவும் தேவையில்லை. பல கோர்களில் ஓட்ட வேலையைக் கோர்களுக்குப் பங்கிட உதவும் மைக்ரோசாஃப்ட் எம்பிஐ தனியாகப் போட வேண்டும். எம்எஸ்எம்பிஐ டிஎல்எல் இல்லை என்று வருவதன் பொருள் இதுதான். கட்டளையில் ஆர்காவின் முழுப் பாதையையும் கொடுங்கள், வெறும் பெயர் கொடுத்தால் பல கோர் கணக்கு தொடங்காது. மேக்ஸ்கோர் என்று கொடுக்கும் நினைவக அளவு ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி, மெகாபைட்டில். 16 ஜிபி மெஷினில் 4 கோருக்கு 2500 கொடுத்தால் மொத்தம் 10 ஜிபி, சரியாக இருக்கும். காஸியனில் மெம் என்பது மொத்தத்துக்குமான எண். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உபுண்டுவில் வெறுமனே ஆர்கா என்று தட்டினால், பார்வையற்றவர்களுக்காகத் திரையைப் படித்துக் காட்டும் அதே பெயருள்ள புரோகிராம் பேசத் தொடங்கலாம். அங்கும் முழுப் பாதையே தீர்வு.

"10 கோர்" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி 10 கொடுக்காதீர்கள். இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகை கலந்து வருகின்றன. ஐ5-1235யு-வில் 10 கோரில் 2 மட்டுமே வேகக் கோர், ஐ5-1240பி-யில் 12-இல் 4. வேலையைச் சமமாகப் பங்கிட்டால் வேகமான கோர்கள் மெதுவானவற்றுக்காகக் காத்து நிற்கும். ஒரே சின்னக் கணக்கை 2, 4, 6, 8 கோர்களில் ஓட்டி நேரம் குறித்து, குறைந்த நேரம் எடுக்கும் கோர் எண்ணிக்கையைப் பிடியுங்கள். சித்திரை வெயிலில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஓட்டினால் எந்த எண்ணும் பயன் தராது. சூடேறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கீழே காற்றுப் போக இடம் விட்டு, ஃபேன் அடியில் வையுங்கள்.

இரண்டு நாள் ஓடும் கணக்கைத் தொடங்கும் முன் உங்கள் துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று பாருங்கள். பகல் முழுக்க கரன்ட் இருக்காது, யூபிஎஸ் தாங்காது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள், விண்டோஸ் அப்டேட்டை பாஸ் செய்யுங்கள். காஸியனில் இடைநிலையைச் சேமிக்கும் செக்பாயின்ட் கோப்புக்குப் பெயர் கொடுத்திருந்தால் ஜியாமெட்ரி ஆப்டிமைசேஷன் (மூலக்கூறின் நிலையான வடிவத்தைத் தேடும் கணக்கு) அறுந்தாலும் ரீஸ்டார்ட் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆர்காவில் கடைசி ஜியாமெட்ரி எக்ஸ்ஒய்செட் கோப்பில் இருக்கும். அதையே புது இன்புட்டில் வையுங்கள்.

டாக்கிங் (மருந்து மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று பார்ப்பது) செய்யும் உயிர்வேதியியல், பார்மசி மாணவர்களுக்கு: ஆட்டோடாக் டூல்ஸ் பைத்தான் 2 காலத்தது. பைத்தான் தொகுப்பான அனகோண்டாவைப் போட்டபோது யாராவது பைத்தான்ஹோம், பைத்தான்பாத் என்ற வேரியபிள்களை வைத்திருந்தால் அது திறக்காது, அவற்றை நீக்குங்கள். நிறைய லினக்ஸ் சாஃப்ட்வேர் தேவைப்பட்டால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொள்வது நல்லது. பயாஸில் வர்ச்சுவலைசேஷன் இயங்க வேண்டும். டபிள்யூஎஸ்எல் இயல்பாக ரேமில் பாதியைத்தான் எடுக்கும். கோப்புகளை லினக்ஸ் பக்கமே வையுங்கள். அங்கிருந்து சி டிரைவைத் தொட்டால் மிக மெதுவாகும்.

வேர்டில் இருக்கும் படங்கள்

தீசிஸில் ஒட்டிய கெம்டிரா படம் இரட்டை கிளிக்கில் திறக்க, அந்த மெஷினில் கெம்டிரா முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். கூகுள் டாக்ஸ் வழியாகப் போய் வந்த கோப்பில் படம் வெறும் படமாகிவிடும். அதை மீட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அமைப்பையும் கெம்டிராவின் சிடிஎக்ஸ்எம்எல் கோப்பாகத் தனியே சேமியுங்கள். இன்னொரு வரையும் சாஃப்ட்வேரான கெம்ஸ்கெட்ச்சுக்கும் கெம்டிராவுக்கும் இடையே மாற்றுவதற்கு மோல் கோப்பு நம்பகமானது. மூலக்கூறு போகும், வினை அம்புக்குறியும் எழுதிய குறிப்புகளும் போகாது.

டாங்கிளும் கருவியும்

யூஎஸ்பி டாங்கிளைச் செருகும் முன் அதன் டிரைவரைப் போடுங்கள், புதிய பதிப்பாக. பழைய டிரைவரை விண்டோஸ் 11-இன் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி தடுத்துவிடும். அணைக்கலாம், ஆனால் புது டிரைவர் தேடுவதே முறை. உரிமம் நெட்வொர்க் அட்டையின் முகவரியோடு கட்டப்பட்டிருந்தால் வைஃபை செட்டிங்ஸில் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸை அணைத்துவிட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். லேன் போர்ட் இல்லாத லேப்டாப்பில் கழற்றி மாட்டும் அடாப்டரின் எண்ணைக் கொடுத்தால், அடாப்டர் தொலைந்த நாளில் உரிமமும் தொலையும்.

ஸ்பெக்ட்ரோமீட்டர், டைட்ரேட்டர், அனலிட்டிகல் பேலன்ஸ் ஆகியவற்றில் பல இன்னும் 9 பின் சீரியல் போர்ட்டிலேயே பேசுகின்றன. கல்லூரி லேப்பானாலும் சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்துத் தரக்கட்டுப்பாட்டு லேப்பானாலும் புது மெஷினில் அந்தப் போர்ட் இல்லை. யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் தேவை. மலிவானவற்றில் போலிச் சிப்பும் கைவிடப்பட்ட பழைய சிப்பும் வரும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோ, 2012-லிருந்து நிறுத்தப்பட்டது என்ற பொருளில் வரியோ தெரிந்தால் அந்தக் கன்வெர்ட்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். எஃப்டிடிஐ சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு டிவைஸ் மேனேஜர் → போர்ட்ஸ் → பிராப்பர்ட்டீஸ் → போர்ட் செட்டிங்ஸ் → அட்வான்ஸ்டு. விண்டோஸ் புது கன்வெர்ட்டருக்கு காம் 7, காம் 11 என்று கொடுத்திருக்கும். பழைய சாஃப்ட்வேர்களில் பல காம் 1 முதல் 4 வரைதான் பார்க்கும். காலியாக உள்ள 1 அல்லது 2-க்கு மாற்றுங்கள். பாட் ரேட், பேரிட்டி, ஸ்டாப் பிட் என்ற தொடர்பு அமைப்புகள் மூன்றும் கருவியின் மெனுவில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். பழைய மெஷினில் என்ன இருந்ததோ அதுவே.

இன்னும் பேசவில்லையா? கன்வெர்ட்டரைக் கருவியிலிருந்து கழற்றி, அதன் 2, 3 பின்களை ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். புட்டி சாஃப்ட்வேரில் அந்தக் காம் எண்ணைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் கம்ப்யூட்டர், டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் சரி. கோளாறு கேபிளில் அல்லது கருவியில். சில கருவிகளுக்கு நேர் கேபிள், சிலவற்றுக்கு 2-ம் 3-ம் குறுக்காக மாறிய நல் மோடம் கேபிள். பழைய கேபிளையே பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் இல்லை.

கருவியின் சாஃப்ட்வேர் விண்டோஸ் 7-ஐத் தாண்டாது என்று தயாரிப்பாளரே சொல்லிவிட்டால் அந்தப் பழைய மெஷினைக் கருவியோடு அப்படியே விடுங்கள். இன்டர்நெட்டைத் துண்டித்து, ஸ்பெக்ட்ரங்களை சிஎஸ்வி கோப்பாக எடுத்துப் புது மெஷினில் வரையுங்கள். புது மெஷினின் பெருமைக்காக ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் கெடுக்க வேண்டாம்.

எண் சரியாக வருகிறதா

ஓடுகிறது என்பதாலேயே சரியாகக் கணக்கிடுகிறது என்று ஆகாது. தண்ணீர் மூலக்கூறை ஹார்ட்ரீ-ஃபாக் முறையில், எஸ்டிஓ-3ஜி என்ற பேசிஸ் செட்டில் (எலக்ட்ரான்களை விவரிக்கும் சூத்திரத் தொகுப்பு) ஜியாமெட்ரி ஆப்டிமைஸ் செய்யுங்கள். ஆற்றல் −74.9659 ஹார்ட்ரீ, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் நீளம் 0.989 ஆங்ஸ்ட்ராம், கோணம் 100.0 டிகிரி. உண்மையான தண்ணீரின் 0.957, 104.5 இது இல்லை. சின்ன பேசிஸ் செட் அப்படித்தான் தரும். எந்தச் சாஃப்ட்வேரிலும் இதே எண்கள் வர வேண்டும்.

பி3எல்ஒய்பி என்ற கணக்கு முறையை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். காஸியனும் ஆர்காவும் அந்தப் பெயரில் கொஞ்சம் வேறுபட்ட சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. ஆர்காவில் காஸியனைப் போல வேண்டுமானால் பி3எல்ஒய்பி/ஜி என்று எழுத வேண்டும். 6-31ஜி(டி) பேசிஸிலும் டி ஆர்பிட்டால்களைக் காஸியன் ஆறாகவும் ஆர்கா ஐந்தாகவும் எடுக்கும். காஸியன் 09-லிருந்து 16-க்கு மாறினாலே கிரிட் (கணக்கிடும் புள்ளிகளின் வலை) நுணுக்கம் கூடியிருப்பதால் கடைசி இலக்கங்கள் நகரும். ஒரே ஆய்வுக்குள் பாதி மூலக்கூறு பழைய பதிப்பிலும் பாதி புதியதிலும் கணக்கிட்டு ஆற்றல் வித்தியாசம் எடுத்தால் அந்த எண் தப்பு. பழைய கணக்குகளோடு சேர்க்க வேண்டியிருந்தால் காஸியன் 16-இல் ஜி09டீஃபால்ட்ஸ் என்ற சொல்லைச் சேருங்கள், அல்லது எல்லாவற்றையும் புதிதாக ஓட்டுங்கள்.

பழைய மெஷினில் எடுத்து வைத்த கணக்கையும் ஓட்டிப் பார்த்து ஒத்துவந்த பிறகு, அந்த மெஷினில் ஒவ்வொரு சாஃப்ட்வேரின் உரிமத்தையும் டீஆக்டிவேட் செய்யுங்கள். ஃபார்மேட் அதற்குப் பிறகுதான்.